கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் தானியக் கேள்விகள்: நெல்லில் இருந்து வெட்டுப்பலகை வரை

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மளிகைக்கடையும் அதன் பின்கட்டில் ஒரு சின்ன மாவு மில்லும் உண்டு. பெரியவர்கள் இன்னும் 'கடைத்தெரு' என்றே சொல்லும் லெபு பசார் கூப்பிடு தூரம்தான். பதினைந்து வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். கேட்கிற ஆள் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. மாவு அரைபடும் சத்தத்தில் பாதி பதில் காதில் விழாமல் போகிறது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

நெல்லு, அரிசி, சோறு எல்லாம் ஒன்னுதானே அக்கா? எதுக்கு மூணு பேரு?

வயலில் இருந்து உமியோடு வருவது நெல். உமி போனால் அரிசி. வெந்தால் சோறு. மலாய்க்காரர்களும் பாடி, பெராஸ், நாசி என்று மூன்று சொல் வைத்திருக்கிறார்கள். மூன்று வேளையும் இதையே சாப்பிடும் ஊர்களில் ஒரு சொல் போதாது.

நூறு கிலோ நெல்லை மில்லில் போட்டால் சுமார் 65 கிலோ அரிசிதான் கிடைக்கும். ஐந்தில் ஒரு பங்கு உமியாகவும், பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தவிடாகவும் போய்விடும். தவிட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அதற்கு வேலை இருக்கிறது.

பருப்பும் தானியம்தானே? நவதானியத்துல உளுந்து இருக்கே?

செடி நூல்படி தானியம் என்பது புல் குடும்பத்துச் செடியின் விதை. நெல், கோதுமை, பார்லி, ஓட்ஸ், மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் புல்தான். உளுந்தும் துவரையும் அவரை இனம். வேறு குடும்பம், வேறு சத்து.

நவதானியம் என்பது பூசைக் கணக்கு. நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு என்ற அந்த ஒன்பதில் புல் விதை இரண்டே இரண்டு. நம் பேச்சு வழக்கில் சேமித்து வைக்கும் எந்த விதையையும் தானியம் என்பது உண்டு, அதில் தப்பில்லை. ஏகாதசி விரதத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டால் மட்டும் நான் வாய் திறப்பதில்லை, வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஜவ்வரிசியில் 'அரிசி' இருப்பது பெயரில் மட்டும்தான். இந்தியாவில் இருந்து வருவது மரவள்ளிக் கிழங்கு மாவு. சரவாக்கில் இருந்து வரும் சாகோ, ரும்பியா பனையின் தண்டில் இருந்து எடுப்பது.

சோளம் கேட்டா ஜாகோங் குடுக்குறீங்க. ஊர்ல சோளம் வெள்ளையா உருண்டையா இருந்துச்சே?

இங்கே பிறந்தவர்களுக்குச் சோளம் என்றால் ஜாகோங், அதாவது மக்காச்சோளம். அமெரிக்கக் கண்டத்தில் இருந்து உலகத்துக்கு வந்தது. நீங்கள் ஊரில் பார்த்தது மிளகைவிடக் கொஞ்சம் சிறிய, வெளிர் நிற உருண்டை. அது ஆப்பிரிக்காவில் தோன்றி மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட வேறு பயிர். அது வேண்டுமானால் 'வெள்ளைச் சோளம்' என்று கேளுங்கள்.

பச்சரிசி நல்லதா, புழுங்கல் நல்லதா?

பச்சரிசி, நெல்லைக் காயவைத்து நேராக உமி நீக்கித் தீட்டியது. புழுங்கல், உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, அதற்குப் பிறகு தீட்டியது. அவிக்கும்போது தவிட்டுப் பக்கம் இருக்கும் பி1 வைட்டமின் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தவிடு போனாலும் அது உள்ளேயே தங்கும்.

இதை உலகத்துக்குச் சொன்னதில் நம் ஊருக்குப் பங்கு உண்டு. நூறு வருடத்துக்கு முன் மலாயாவில், இந்தச் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி ஒரு கொள்ளை நோய் மாதிரி இருந்தது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் இருந்த சீனத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போனது. தோட்டங்களில் இருந்த தமிழர்களை அந்த அளவுக்குத் தொடவில்லை. ஆரம்பத்தில் இனத்தில் ஏதோ இருக்கிறது என்றுகூட நினைத்தார்கள். பிராடன் என்ற மருத்துவர்தான் தட்டைப் பார்த்தார். சீனர்கள் தின்றது தீட்டிய வெள்ளை அரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கல். 1907-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். அதே காலத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசியும் இன்னொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் நோய் பரவிப் பலர் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் பெரிபெரியால் சாவே இல்லை. இன்றைக்கு அப்படி ஒரு சோதனையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். அப்புறம் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 1900-இல் தொடங்கிய கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில், தீட்டும்போது போகிற பகுதியில்தான் அந்தச் சத்து இருக்கிறது என்று காட்டினார்கள்.

சரி, இன்றைக்கு எது நல்லது? காய்கறி, பருப்பு, முட்டை என்று கலந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பச்சரிசியால் பெரிபெரி வராது. பொங்கலுக்கும் இடியாப்ப மாவுக்கும் பச்சரிசி. இட்லிக்குப் புழுங்கல். தினசரிச் சோற்றுக்கு என்னைக் கேட்டால் புழுங்கல்.

நாங்க இந்தியப் பொன்னிதான் சாப்பிடுவோம். லோக்கல் அரிசி நமக்குச் சரிப்படாது, இல்லையா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் மில்லை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வேன். 1950-களில் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பு ஒரு நெல் கலப்புத் திட்டம் நடத்தியது. இந்தியாவின் கட்டாக் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் நம் ஊர் வகைகளையும் குட்டையான ஜப்பானிய வகைகளையும் கலந்தார்கள். அதில் ஒரு ஜோடி, தைவானின் தைசுங் 65-உம் மலாயாவின் மாயாங் எபோஸ் 80-உம். அந்தப் பிள்ளைகளை மலாயாவில் பயிரிட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு வகையை 1965-இல் மசூரி என்ற பெயரில் வெளியிட்டார்கள். லங்காவித் தீவுக் கதையில் வரும் மசூரி என்ற பெண்ணின் பெயர்தான் அது.

மசூரி திரும்ப இந்தியாவுக்குப் போனது. தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் பொன்னி. அதில் இருந்து கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்து 1986-இல் விட்டதுதான் வெள்ளைப் பொன்னி. ஆந்திராவின் சாம்பா மசூரி, கடையில் சோனா மசூரி என்று கேட்கிறீர்களே அது, எல்லாம் இதே சொந்தம்தான். காவிரியின் பெயரை வைத்துக்கொண்டு கப்பலேறி பினாங்கு துறைமுகத்தில் வந்து இறங்கும் மூட்டைக்குள் இருப்பது இந்த மண்ணின் பேத்தி.

அதனால் 'லோக்கல் நமக்குச் சரிப்படாது' என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. உங்கள் நாக்குக்குப் பழகியது புழுங்கலும் பழைய அரிசியும். கடையில் கிடைக்கும் உள்ளூர் அரிசி பெரும்பாலும் பச்சரிசி, அதிலும் புதுசு. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. மூட்டையில் ஊர் பெயரைப் பார்ப்பதற்கு முன், அவித்ததா அவிக்காததா, புதுசா பழசா என்று கேளுங்கள்.

லோக்கல் அரிசி எப்பவும் குழைஞ்சுபோகுது. தண்ணி எவ்வளவு வைக்கணும்?

பொன்னிக்கு வைக்கிற தண்ணீரை வைத்தால் குழையத்தான் செய்யும். குக்கரில் ஒரு கப் உள்ளூர் அரிசிக்கு ஒன்றேகால் கப்புக்குமேல் வேண்டாம். புழுங்கல் பொன்னிக்கு இரண்டரை முதல் மூன்று வரை போகும். அரிசி பழசாக ஆகப் பருக்கை இறுகும், அதிகத் தண்ணீர் குடிக்கும், உதிரி உதிரியாக வேகும். பாஸ்மதியைப் பழையதாக்கி விற்பதும் அதற்காகத்தான்.

பாக்கெட்டில் '5%' என்று போட்டிருப்பது குருணை அளவு. அதாவது நூற்றில் ஐந்து பங்கு உடைந்த அரிசி. குருணை கூடினாலும் குழையும்.

பச்சரிசியில இட்லி சுட்டா ஏன் கல்லு மாதிரி வருது?

அவித்த அரிசியில் மாவுச்சத்து ஏற்கெனவே ஒருமுறை வெந்து இறுகியிருக்கிறது. அதை அரைத்தால் மாவு உளுந்தின் நுரையைத் தாங்கிக்கொள்கிறது. பச்சரிசி மாவுக்கு அந்தப் பிடிப்பு இல்லை, அடியில் படிந்துவிடும். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து. உளுந்தைத் தனியாக, ஜில் தண்ணீர் தெளித்து அரையுங்கள்.

இன்னொன்று, இந்தியாவில் எழுதும் சமையல் குறிப்புகளில் 'பன்னிரண்டு மணி நேரம் புளிக்கவிடவும்' என்று இருக்கும். பினாங்கு இரவில் ஏழெட்டு மணி நேரமே ஏராளம். விட்டுத் தூங்கினால் விடியற்காலையில் மாவு பாத்திரத்தை விட்டு வெளியே வந்து தரையில் நிற்கும்.

டாக்டர் குளுட்டன் வேண்டாம்னாரு. புளூட் சாப்பிடலாமா? பேர்லயே ஒட்டுறது இருக்கே?

சாப்பிடலாம். புளூட் என்றால் ஒட்டும் அரிசி. குளுட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள புரதம். எந்த அரிசியிலும் அது கிடையாது. புளூட் ஒட்டுவதற்குக் காரணம் அதன் மாவுச்சத்தின் வகை. நம் கவுணி அரிசியும் அப்படித்தான். செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியின் கவுணி அரிசியை நகரத்தார் பர்மாவில் இருந்து கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கறுப்புப் புளூட் கஞ்சியான புபோர் புளூட் ஹீத்தாமை ஒருமுறை ருசித்தால் பந்தி ஞாபகம் வரும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. மஞ்சள் மீ நூடுல்ஸ், சேமியா, ரவை மூன்றும் கோதுமை. பீகூன், குவே தியாவ் என்ற நூடுல்ஸ் இரண்டும் அரிசி. சோயா சாஸில்கூடப் பெரும்பாலும் கோதுமை இருக்கும், பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பார்கள், பலருக்கு இது தெரிவதில்லை.

பாக்கெட்ல 'தெப்போங் கந்தும்'னு இருக்கு. கந்தும்னா கோதுமை. அப்ப அது ஆட்டாதானே?

இல்லை, அது மைதா. கந்தும் என்றால் கோதுமை என்பது சரி, ஆனால் அந்த மாவு தவிடும் முளையும் நீக்கி அரைத்த வெள்ளை மாவு. ரொட்டி சானாய் விரிவது அதில்தான். முழுக் கோதுமை வேண்டுமென்றால் 'ஆட்டா' என்றே கேளுங்கள். வாங்கின பிறகும் சந்தேகமாக இருந்தால் விரலில் தேய்த்துப் பாருங்கள், பழுப்புப் பொட்டு தெரியும்.

கோதுமைக்குக் குளிர்காலம் வேண்டும் என்பதால் மலேசியாவில் அது விளைவதில்லை. மூட்டை மூட்டையாக வருவது பெரும்பாலும் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடாவில் இருந்து.

சர்க்கரை இருக்கு. சோத்தை விட்டுட்டு ராகிக்கு மாறிட்டேன். இப்ப எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்ல?

வேண்டாம். நான் மருத்துவர் இல்லை, ஆனால் இந்த நம்பிக்கையோடு ஐந்து கிலோ மாவு வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. 2023-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அரிசியில் 78. பெரிய தூரமில்லை. கேழ்வரகின் உண்மையான பெருமை சுண்ணாம்புச் சத்து, நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேல். நார்ச்சத்தும் கூடுதல்.

ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அந்த நாரின் பயன் பெரும்பாலும் போய்விடுகிறது, சர்க்கரை சீக்கிரம் ஏறும். கொரகொரவென்று அரைத்த மாவில் அடையாகத் தட்டி, கீரையோடும் பருப்போடும் அளவாகச் சாப்பிடுவது மேல். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கருவியில் பார்த்தால் உங்கள் உடம்பே சொல்லிவிடும். மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள்.

அரிசியில வண்டு. மிளகாய், வேப்பிலை எல்லாம் போட்டேன், அப்பவும் வருதே?

நீங்கள் பார்ப்பது வெளியே வந்த வண்டு. அது பருக்கையில் துளையிட்டு, உள்ளே முட்டையிட்டு, மூடிவிட்டுப் போகும். உள்ளே இருப்பதற்கு மிளகாய் வாசம் எட்டாது. சின்ன அளவாக இருந்தால் அரிசியைப் பையில் கட்டி ஃப்ரீஸரில் நான்கு நாள் வையுங்கள், முட்டையும் செத்துவிடும். பிறகு காற்றுப் புகாத டப்பா. இருக்கிற அரிசியைப் புடைத்து, கழுவி, சமைக்கலாம், விஷமில்லை. பூஞ்சை பிடித்து முக்கல் வாடை அடித்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

பழைய அரிசியின்மேல் புதுசைக் கொட்டாதீர்கள். நான் ஒருமுறை சோம்பலில் அப்படிச் செய்து, 50 கிலோ இட்லி அரிசியை எங்கள் வீட்டுக் கோழிகளுக்குப் போட்டேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

உள்ளூர் அரிசி பத்து கிலோ 26 ரிங்கிட். உங்க அரிசி ஏன் இவ்வளவு?

26 ரிங்கிட் அரசு வைத்திருக்கும் உச்ச விலை, உள்ளூர் வெள்ளை அரிசிக்கு மட்டும். இறக்குமதி அரிசிக்கு அது கிடையாது. இறக்குமதி முழுக்க, அதற்கான தனி உரிமை பெற்ற பெர்னாஸ் நிறுவனம் வழியாக வருகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 சதவீத வரி போட்டது. விலை ஏறியதும் எல்லோரும் உள்ளூர் அரிசிக்கு ஓடினார்கள், அலமாரிகள் காலியாயின. 2024 செப்டம்பரில் தடை போனது. ஏறின வேகத்தில் விலை இறங்காது என்பது கடைக்காரர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பிள்ளைகளுக்கு நெல்லு வயல் காட்டணும். கெடாவுக்குத்தான் போகணுமா?

தீவிலேயே பாலிக் பூலாவ் பக்கம் சுங்கை பூரோங்கில் வயல் உண்டு. பாலம் தாண்டினால் செபராங் பிறையில் கெப்பாலா பத்தாஸ், பெனாகா பக்கம் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை நெல்தான். கோலாலம்பூர்க்காரர்களுக்கு செக்கிஞ்சான் இருக்கிறது. கெடா போவதாக இருந்தால் அலோர் ஸ்டார் நெல் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். அங்கே மூடா, பெடு அணைகள் வந்ததால் 1970-இல் இரண்டாம் போகம் தொடங்கியது.

வயலில் சில கதிர்கள் மட்டும் உயரமாக நீட்டிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதுதான் பாடி அங்கின், காற்று நெல். காற்றடித்தாலே மணி உதிர்ந்துவிடும், அறுவடைக்கு நிற்காது, அடுத்த போகத்தில் களையாக முளைக்கும். நாற்று நடுவதை விட்டு நேராக விதைக்கத் தொடங்கிய பிறகு பெருகியது. அதுவும் நெல்தான் என்பதால் பிடுங்கினாலும் மருந்தடித்தாலும் பயிரையும் சேர்த்துத் தொடும். அந்த மருந்தைத் தாங்கும் நெல் வகையை 2010-இல் கொண்டுவந்தார்கள்.

ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வச்சா உடம்புக்கு நல்லதுன்றாங்க, டாக்டர் ஆபத்துன்றாரு. யாரு சொல்றது சரி?

இருவரும் வேறு வேறு சோற்றைப் பேசுகிறார்கள். அரிசியில் ஒரு வகைக் கிருமியின் வித்து இருக்கும். சமைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மதியம் வடித்து இரவு வரை மேசையில் கிடந்த சோறு, அணைத்த குக்கரில் கிடந்த சோறு, இவைதான் டாக்டர் சொல்வது.

பாட்டி செய்தது வேறு. சோறு ஆறியதும் உடனே தண்ணீர் ஊற்றிவிடுவார், அது புளித்து அமிலமாகும், காலையிலேயே தீர்ந்துவிடும். அப்படியும் இட்லி மாவுக்குச் சொன்ன அதே காரணம் இங்கும் உண்டு, நம் இரவு சூடானது. எட்டு மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, நோயாளி உள்ள வீட்டில் வேண்டாம். மீந்த சோறு என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும்.

எங்க பாட்டி காந்தாங், சுப்பாக்குன்னு சொல்லும். அது எவ்வளவு?

நான்கு சுப்பாக்கு ஒரு காந்தாங். ஒரு காந்தாங் சுமார் நாலரை லிட்டர், அரிசியில் மூன்றரை கிலோவை ஒட்டி வரும். முஸ்லிம்கள் நோன்பு மாதத்தில் கொடுக்கும் பித்ரா தானத்துக்கான காந்தாங் வேறு, அது சுமார் 2.7 கிலோ. பால் டின்னில் அளக்கிறவர்கள் ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள், டின்னும் முன்னைப்போல இல்லை.

நகைக்கடையிலும் நெல் இருந்தது. பழைய பொன் கணக்கில் நான்கு நெல் எடை ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. வெள்ளைக்காரர் கிரெயின் என்ற எடையைப் பார்லி மணியில் இருந்து எடுத்தார். ஒரு கிரெயின் 0.0648 கிராம்.

பேரன் கேக்குறான், கிரெயின்னா தானியம்னா மரத்துல ஏன் கிரெயின்? மரத்துல என்ன விளையுது?

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். விதையைக் குறித்த லத்தீன் சொல், மணிமணியான பரப்புக்கும் அப்புறம் மரத்தின் வரிக்கும் நீண்டுவிட்டது. நமக்கு அந்தக் குழப்பம் இல்லை, மரத்தில் இருப்பது நார் அல்லது ரேகை. மலாயில் ஈரா.

மரத்துக்குள் தண்ணீர் ஏறும் நுண்ணிய குழாய்கள் நீளவாக்கில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றோடு சேர்த்து அறுத்தால் கோடு தெரியும், குறுக்கே அறுத்தால் துளை தெரியும். ரப்பர் மரம் நேர் நார், இழைக்க எளிது. பால் வற்றிய மரத்தை ஒரு காலத்தில் விறகாக எரித்தார்கள், 1980-களில் இருந்துதான் மேசை நாற்காலியாகிறது. செங்கால் மரத்தில் நார் ஒன்றோடொன்று பின்னியிருக்கும், இழைப்புளி பிடிக்கிற ஆசாரி முனகுவார். வைரம் பாய்ந்தால் தலைமுறைக்கும் நிற்கும். பேரனிடம் இதையும் சொல்லுங்கள்: நம் காட்டு மரங்கள் பெரும்பாலானவற்றில் வருட வளையம் எண்ண முடியாது, குளிர்காலமும் கோடைகாலமும் இங்கே இல்லை.

அப்ப வெட்டுப்பலகை வாங்கும்போது அந்த நாரைப் பாக்கணுமா?

பார்க்கணும். பாசாரில் வாத்து வெட்டுகிற சீனரிடம் இருக்கும் கட்டை, மரத்தைக் குறுக்கே அறுத்த வட்டம். கத்தி நார்களுக்கு இடையில் இறங்கி வெளியே வருகிறது, வெட்டு மூடிக்கொள்கிறது, கத்தியும் மழுங்குவதில்லை. வீட்டில் நாம் வைத்திருப்பது நீளவாக்குப் பலகை. அதில் கத்தி நாரை அறுக்கிறது, வடு நிற்கிறது. எலும்பு வெட்டுகிறவர்கள் குறுக்குக் கட்டை வாங்குங்கள், காய் நறுக்க நீளப் பலகை போதும்.

கழுவியதும் நார் மேல்கீழாக இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள், தண்ணீர் வடிந்துவிடும். ஊறப்போட்டால் நாரோடு பிளக்கும். சமையல் எண்ணெய் தடவினால் ஒரு மாதத்தில் காறல் வாடை வரும். மருந்துக்கடையில் மினரல் ஆயில் கேளுங்கள், அதை நாங்கள் விற்பதில்லை.